பதில் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள்: ‘ஆக்‌ஷன் லேர்னிங்’ தந்த ரெக் ரெவன்ஸ் யார்?

இரண்டு நாள் லீடர்ஷிப் டிரெயினிங். நல்ல ஓட்டல், ஏசி ஹால், நூறு ஸ்லைடுகள், மதியம் பஃபே, கடைசியில் ஒரு சான்றிதழும் குரூப் போட்டோவும். திங்கட்கிழமை ஆபீஸுக்குத் திரும்பினால், போன வாரம் விட்டுவிட்டுப் போன அதே பிரச்சினை அப்படியே காத்திருக்கிறது. டீமில் இருவர் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. டெட்லைன் தள்ளிக்கொண்டே போகிறது. ஸ்லைடில் பார்த்த ‘தலைவருக்கு வேண்டிய ஏழு பண்புகள்’ இதில் எங்கே உதவும் என்று புரியவில்லை.

வேலைக்குப் போகும் பலருக்கும் இது பழகிப்போன விஷயம்தான். வகுப்பில் கற்பதற்கும் வேலையில் தேவைப்படுவதற்கும் நடுவே ஏன் இவ்வளவு தூரம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க நடந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ரெக் ரெவன்ஸ். உலகம் முழுக்க நிறுவனங்களும் மருத்துவமனைகளும் அரசுத் துறைகளும் இன்று பயன்படுத்தும் ‘ஆக்‌ஷன் லேர்னிங்’ முறையின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு சின்ன விளக்கம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துக் குழந்தைகளுக்குச் சொல்லித்தந்த ‘செயல்வழிக் கற்றல்’ வேறு, இது வேறு. இது பெரியவர்களுக்கானது. அதிலும் குறிப்பாக, ஒரு பொறுப்பில் இருந்துகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பவர்களுக்கானது.

டைட்டானிக் தந்த முதல் பாடம்

ரெஜினால்ட் வில்லியம் ரெவன்ஸ் 1907 மே 14 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தார். அப்பா கப்பல்களைச் சோதித்துப் பார்க்கும் அரசு ஆய்வாளர்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது ரெவன்ஸுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. சுமார் 1,500 பேர் இறந்த அந்த விபத்து பற்றிய விசாரணையில் அவருடைய அப்பாவுக்கும் பங்கு இருந்தது. அந்த நாட்களின் நினைவு ரெவன்ஸை விட்டு விலகவே இல்லை. வளர்ந்த பிறகு, அந்த விசாரணையிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். கெட்டிக்காரத்தனம் வேறு, விவேகம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அப்பாவின் பதிலாக இருந்தது.

டைட்டானிக்கின் உயிர்காப்புப் படகுக் கணக்கைப் பார்த்தால் இதன் அர்த்தம் புரியும். அன்றைய பிரிட்டிஷ் விதிகள் 1890களில் எழுதப்பட்டவை. அதில் ஆகப்பெரிய கப்பல் என்பது 10,000 டன்னும் அதற்கு மேலும். அந்த ரகத்துக்கு 16 படகுகள் இருந்தால் போதும். டைட்டானிக்கோ 46,000 டன்னுக்கும் மேற்பட்டது. அதில் 20 படகுகள் இருந்தன. ஆக, சட்டம் கேட்டதைவிட அதிகம்! ஆனால் அவற்றில் மொத்தம் 1,178 பேர்தான் ஏற முடியும். கப்பலில் இருந்ததோ சுமார் 2,200 பேர்.

எந்த விதியும் மீறப்படவில்லை. கட்டியவர்களுக்குத் திறமைக்கும் குறைவில்லை. இவ்வளவு பெரிய கப்பலுக்கு அந்தப் பழைய விதி பொருந்துமா என்ற கேள்விக்குத்தான் யாரும் போதுமான அளவு காது கொடுக்கவில்லை. பிற்காலத்தில் ரெவன்ஸ் சொன்னதெல்லாம் ஏறக்குறைய இந்த இடத்திலிருந்து தொடங்குபவைதான்.

நோபல் விஞ்ஞானிகள் நடுவே ஒரு மாணவர்

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போனார் ரெவன்ஸ். படிப்பு மட்டும் இல்லை, ஆள் நல்ல தடகள வீரரும்கூட. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் பிரிட்டனுக்காகக் களமிறங்கினார். 1930இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் நடந்த முதல் பிரிட்டிஷ் எம்பயர் போட்டியில் (இன்றைய காமன்வெல்த் போட்டி) வெள்ளிப் பதக்கம் வென்றார். நடுவே ஒரு ஃபெலோஷிப்பில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கும் போய்வந்தார்.

கேம்பிரிட்ஜில் அவர் இருந்த இடம் கேவண்டிஷ் ஆய்வகம். எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன், அணுக்கருவைக் கண்டுபிடித்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு என்று அந்தக் காலத்து இயற்பியலின் பெரிய தலைகள் நடமாடிய இடம். 1932இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்ததும் அங்கேதான்.

அந்தக் கண்டுபிடிப்புகளைவிட ரெவன்ஸின் மனதில் ஆழமாகப் பதிந்தது வேறொன்று. ரூதர்ஃபோர்டின் தலைமையில் ஆய்வாளர்கள் வாரந்தோறும் கூடிப் பேசுவார்கள். அங்கே யாரும் தங்கள் பெருமையை அளப்பதில்லை. எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறோம், எது புரியவில்லை என்பதைத்தான் மேஜைமேல் வைப்பார்கள். மற்றவர்கள் அதன்மீது கேள்வி கேட்பார்கள். நோபல் பரிசு வாங்கியவரும் தனக்குத் தெரியவில்லை என்று கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்வார். நேற்று வந்த மாணவரும் கேள்வி கேட்கலாம்.

இவ்வளவு பெரிய அறிவாளிகளே தெரியாததைத்தான் முதலில் பேசுகிறார்கள் என்றால், ஆபீஸ் மேனேஜர்கள் மட்டும் எல்லாம் தெரிந்தவர்கள் போல நடிப்பது ஏன்? இந்தக் கேள்வியோடுதான் 1935இல் ரெவன்ஸ் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தார்.

நர்ஸ்கள் ஏன் வேலையை விடுகிறார்கள்?

இயற்பியலை விட்டவர் சேர்ந்தது கல்வி நிர்வாகத்தில். எசெக்ஸ் கவுன்டி கவுன்சிலில் துணைக் கல்வி அதிகாரி பதவி. அப்போது நர்ஸ்களுக்குக் கடும் தட்டுப்பாடு. பயிற்சிக்குச் சேரும் பெண்களில் பலர் பாதியிலேயே விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். இதைப் பற்றி 1938இல் ஒரு குறிப்பு எழுதினார் ரெவன்ஸ்.

பிரச்சினை அந்தப் பெண்களிடம் இல்லை, அவர்கள் கேட்கும் கேள்விகளை மருத்துவமனை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் இளம் நர்ஸுக்குத்தான் நோயாளியின் கஷ்டம் முதலில் தெரிகிறது. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் அவர் இல்லை. கேட்டால் திட்டு விழும் என்று தெரிந்த பிறகு யார் கேட்பார்கள்? கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொள்வார்கள். அப்புறம் வேலையையே விட்டுவிடுவார்கள்.

பிற்காலத்தில் ஆக்‌ஷன் லேர்னிங்கின் வேர் எது என்று பேச்சு வந்தபோதெல்லாம் இந்தக் குறிப்பை ரெவன்ஸ் நினைவுகூர்வதுண்டு.

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஒரு இயற்பியலாளர்

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் சுரங்க முதலாளிகள் சங்கத்தின் கல்வி இயக்குநரானார் ரெவன்ஸ். 1947 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் சுரங்கங்கள் தேசியமயமாகின. ஏறக்குறைய 7 லட்சம் பேர் வேலை பார்த்த ஒரு துறை ஒரே நாளில் தேசிய நிலக்கரி வாரியத்தின் கைக்கு வந்தது. இனி இந்தச் சுரங்கங்களின் மேனேஜர்களுக்கு யார் சொல்லித்தருவது, எதைச் சொல்லித்தருவது?

வழக்கமான பதில், பேராசிரியர்களைக் கூப்பிட்டு வகுப்பெடுப்பது. ரெவன்ஸின் யோசனை வேறு. சுரங்கத்தின் பிரச்சினையை அங்கே வேலை செய்பவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. ஆகவே மேனேஜர்களைச் சிறு சிறு குழுக்களாக உட்கார வையுங்கள், ஒருவர் சுரங்கத்துக்கு இன்னொருவர் போய்ப் பார்க்கட்டும், தங்கள் சிக்கல்களை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளட்டும் என்றார். அவரும் மேஜையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நிலத்தடிக்கு இறங்கித் தொழிலாளர்களோடு நேரம் செலவழித்தார்.

அங்கே எண்களையும் விடாமல் பார்த்தார். பெரிய சுரங்கங்களில் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவைவிட விபத்துகள் அதிகம், வேலைத் தகராறுகளும் அதிகம் என்பது அவருடைய ஆய்வில் தெரிந்தது. காரணமாக அவர் காட்டியது தூரத்தை. அமைப்பு பெரிதாகப் பெரிதாக, கீழே இருப்பவர் சொல்வது மேலே போய்ச் சேராது. மேலே எடுத்த முடிவு கீழே வரும்போது அதன் காரணம் வழியிலேயே தொலைந்துவிடும். சின்னச் சுரங்கத்தில் மேனேஜரை முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேச முடியும்.

ஆனால் வாரியம் போய்க்கொண்டிருந்த திசை மையப்படுத்துதல், பெரிதாக்குதல். தலைமையகத்தோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1950இல் ராஜினாமா செய்தார்.

சரி, ஆக்‌ஷன் லேர்னிங் என்றால் என்ன?

ரெவன்ஸ் இதற்கு ஒரு இறுக்கமான விளக்கம் தர எப்போதும் தயங்கினார். ஒரு வரியில் அடைத்துவிட்டால் அதையும் ஒரு கோர்ஸாக மாற்றி விற்றுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. இது கேஸ் ஸ்டடி கிடையாது, ரோல் பிளே கிடையாது, கன்சல்டன்ட் வேலை கிடையாது என்று எதுவெல்லாம் இல்லை என்பதைப் பட்டியல் போடுவது அவர் வழக்கம். ஆனாலும் அதன் எலும்புக்கூடு எளிமையானது.

அதை ஒரு சமன்பாடாக எழுதினார்: எல் = பி + க்யூ. இதில் ‘எல்’ என்பது கற்றல். ‘பி’ என்பது ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்ட அறிவு. புத்தகம், வகுப்பு, வீடியோ எல்லாம் இதில் அடக்கம். ‘க்யூ’ என்பது கேள்வி கேட்டுப் பெறும் தெளிவு. ‘பி’ தேவையே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ‘பி’ என்பது நேற்றைய பிரச்சினைகளுக்குக் கிடைத்த விடைகளின் தொகுப்பு. இன்றைக்குப் புதிதாக ஒன்று முளைக்கும்போது முதலில் வேண்டியது ‘க்யூ’தான் என்றார். டைட்டானிக்கின் படகு விதி ‘பி’. யாரும் அழுத்திக் கேட்காத அந்தக் கேள்வி ‘க்யூ’.

புதிருக்கும் பிரச்சினைக்கும் உள்ள வித்தியாசத்தையும் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். புதிர் என்றால் அதற்கு எங்கேயோ ஒரு சரியான விடை இருக்கிறது. நிபுணரைக் கூப்பிட்டால் தந்துவிடுவார். சர்வர் ஏன் டவுன் ஆனது என்பது புதிர். டீமில் நல்ல ஆட்கள் ஏன் தொடர்ந்து வேலையை விடுகிறார்கள் என்பது பிரச்சினை. நேர்மையான, அனுபவமுள்ள ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து விதமாகச் சொல்வார்கள். தலைமை என்பது இந்த இரண்டாவது ரகத்தில்தான் தேவைப்படுகிறது என்பது ரெவன்ஸின் கட்சி.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்?

• நான்கு முதல் ஆறு பேர் வரை கொண்ட ஒரு குழு. இதற்கு ‘செட்’ என்று பெயர். யாரும் யாருக்கும் பாஸ் இல்லை.

• ஒவ்வொருவரிடமும் ஒரு நிஜப் பிரச்சினை இருக்க வேண்டும். அதைத் தீர்க்கும் பொறுப்பும் ஓரளவு அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும். பயிற்சிக்காகக் கற்பனை செய்த பிரச்சினை செல்லாது.

• ஒருவர் தன் பிரச்சினையைச் சொல்வார். மற்றவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது. கேள்வி மட்டுமே கேட்கலாம்.

• கூட்டம் முடிவதற்குள், அடுத்த முறை சந்திப்பதற்கு முன் என்ன செய்யப்போகிறேன் என்று அவர் சொல்லியாக வேண்டும்.

• அடுத்த கூட்டத்தில் செய்தாரா, என்ன நடந்தது, எதிர்பார்த்ததிலிருந்து எங்கே மாறியது என்று பேசுவார்கள். மறுபடியும் கேள்விகள்.

இப்படி மாதக்கணக்கில் நடக்கும். பார்க்க ரொம்பச் சாதாரணமாகத் தெரியும். உண்மையில் இதில் கஷ்டமானது மூன்றாவது விதிதான். நண்பர் ஒருவர் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆவதற்குள், நானாக இருந்தால் இப்படிச் செய்வேன் என்று சொல்லத்தான் நமக்கு வாய் வரும். அந்த அறிவுரை நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அது சொல்பவரின் அனுபவத்திலிருந்து வந்தது. கேட்பவரோ தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், பிரச்சினை அவரோடு அப்படியே போகும்.

அதே இடத்தில், கடைசியாக விட்டுப் போனவரிடம் நீங்களே உட்கார்ந்து பேசினீர்களா என்று ஒருவர் கேட்டால்? பேசவில்லை என்றால், ஏன் பேசவில்லை? அவர் என்ன சொல்லிவிடுவார் என்று பயமா? இங்கேதான் ஒரு மேனேஜர் முதன்முறையாகத் தன்னையே பார்க்கத் தொடங்குகிறார். எந்தச் சிக்கலிலும் ரெவன்ஸ் கேட்கச் சொன்ன மூன்று கேள்விகளும் எளிமையானவை. இதைப் பற்றி யாருக்குத் தெரியும்? யாருக்கு இதில் அக்கறை இருக்கிறது? யாரால் எதையாவது செய்ய முடியும்? பல நிறுவனங்களில் இந்த மூன்றுக்கும் வெவ்வேறு ஆட்கள்தான் பதில். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதும் இல்லை.

வெறும் பேச்சோடு நின்றால் அது கற்றல் ஆகாது, யோசிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தாலும் ஆகாது என்பதில் அவர் கறாராக இருந்தார். செய்துபார்ப்பதும் அதைப் பற்றி யோசிப்பதும் ஒரு வண்டியின் இரண்டு சக்கரங்கள். கூடவே இன்னொரு விதியும் வைத்தார். சுற்றுச்சூழல் மாறும் வேகத்தைவிட ஒரு அமைப்பு கற்கும் வேகம் குறைந்துபோனால், அந்த அமைப்பு தாக்குப்பிடிக்காது. ஏஐ வந்து வேலைகள் மாறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அது இன்னும் நன்றாகப் புரிகிறது.

மருத்துவமனைகளில் கிடைத்த சான்று

1955இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொழில் நிர்வாகத்துறையின் முதல் பேராசிரியரானார் ரெவன்ஸ். அங்கிருந்தபடி லங்காஷயர் பகுதி மருத்துவமனைகளை ஆராய்ந்தார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் எசெக்ஸில் விட்ட இடத்திலிருந்து நூலை மறுபடி பிடித்தது போலத்தான்.

1964இல் வெளியான அவருடைய நூல் சொன்ன விஷயம் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. பயிற்சி நர்ஸ்கள் நிலைத்து நிற்கும் மருத்துவமனைகளில் மூத்த நர்ஸ்களும் நிலைத்து நிற்கிறார்கள். நோயாளிகளும் அங்கே சீக்கிரம் வீடு திரும்புகிறார்கள். நர்ஸ்கள் கூட்டம் கூட்டமாக விலகும் மருத்துவமனைகளில் நோயாளிகள் கூடுதல் நாள் படுத்திருக்கிறார்கள். கேள்வி கேட்கும் சுதந்திரம் ஊழியர் நலன் சார்ந்த விஷயம் மட்டும் இல்லை, நோயாளியின் உடல்நலமும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று ரெவன்ஸ் வாதிட்டார்.

தொடர்ந்து 1960களின் நடுவில் லண்டனின் பத்து பெரிய மருத்துவமனைகளில் ஒரு திட்டம் நடந்தது. டாக்டர், நர்ஸ், நிர்வாகி என்று மூன்று தரப்பும் சேர்ந்து தங்கள் மருத்துவமனையின் சிக்கல்களைத் தாங்களே ஆராய வேண்டும். மற்ற மருத்துவமனைகளோடும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்து ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் இதில் இல்லை. டாக்டரும் நர்ஸும் சமமாக உட்கார்ந்து பேசுவதே அந்தக் காலத்தில் பெரிய விஷயம். எல்லா மருத்துவமனைகளிலும் இது ஒரே மாதிரி பலன் தரவில்லை. மேலே இருப்பவர்கள் மனதார ஈடுபட்ட இடங்களில் மாற்றம் வந்தது. பேருக்குச் சேர்ந்த இடங்களில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

எம்பிஏவோடு மோதல்

அதே காலத்தில் பிரிட்டன் ஒரு பெரிய முடிவை எடுத்தது. அமெரிக்கா பாணியில் நமக்கும் பிசினஸ் ஸ்கூல்கள் வேண்டும் என்று 1963இல் ஃபிராங்ஸ் அறிக்கை பரிந்துரைத்தது. ஒன்று லண்டனில், இன்னொன்று மான்செஸ்டரில்.

மான்செஸ்டரில் ஏற்கெனவே பேராசிரியராக இருப்பவர் ரெவன்ஸ். சும்மா இருந்திருந்தால் பெரிய பதவியும் செல்வாக்கும் வீடு தேடி வந்திருக்கும். ஆனால் புதிய பள்ளி போகவிருந்த பாதை அவருக்குப் பிடிக்கவில்லை. தொழிற்சாலைக்குள் கால் வைக்காத பேராசிரியர்கள், தொழிற்சாலையை நடத்துபவர்களுக்கு வகுப்பெடுப்பார்களா? கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்தும் ஒரு கற்றல் இடத்தைத்தான் அவர் கனவு கண்டார். அது நடக்கவில்லை. 1965இல் பேராசிரியர் பதவியை ராஜினாமா செய்தார். எம்பிஏ என்ற மூன்று எழுத்துக்கு, தார்மிகத் திவால் நிச்சயம் என்று பொருள் வரும்படி ஒரு கிண்டலான விரிவை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1935இல் கேவண்டிஷ், 1950இல் நிலக்கரி வாரியம், 1965இல் மான்செஸ்டர். பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நல்ல நாற்காலியை விட்டுவிட்டு எழுந்திருக்கிறார். இதை அவருடைய நேர்மை என்றும் சொல்லலாம்; யாரோடும் ஒத்துப்போகாத பிடிவாதம் என்றும் சொல்லலாம். அவரை அறிந்தவர்கள் இரண்டையும் சொன்னதுண்டு. கேள்வி கேட்கும் கலையைப் போதித்தவர், எதிர்த்தரப்பைச் சில சமயம் ரொம்பவே கடுமையாக எள்ளி நகையாடினார் என்பதும் உண்மை.

பெல்ஜியம் கதவைத் திறந்தது

சொந்த நாட்டில் எடுபடாதது பக்கத்து நாட்டில் எடுபட்டது. ரெவன்ஸ் பெல்ஜியம் போனார். தொழில் நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் இணைக்கும் ஒரு அறக்கட்டளை அங்கே இருந்தது. அதன் துணையோடு 1960களின் பிற்பகுதியில் ஒரு துணிச்சலான திட்டம் தொடங்கியது.

பெரிய நிறுவனங்களின் மூத்த மேனேஜர்களைச் சில மாதங்களுக்கு இடம் மாற்றினார்கள். ஒரு நிறுவனத்தில் பல ஆண்டு ஊறியவர், தனக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு துறையின் நிறுவனத்துக்குப் போவார். அங்கே தலைமையையே குழப்பிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பிரச்சினையை ஆராய்வார். வாரம்தோறும் தன் செட்டில் உட்கார்ந்து மற்றவர்களின் கேள்விகளுக்கு முகம் கொடுப்பார். ஆராய்ந்து ரிப்போர்ட் தருவதோடு முடிந்துவிடாது. தீர்வை அந்த நிறுவனத்தோடு சேர்ந்து செயல்படுத்தும் வரை இருக்க வேண்டும்.

எதுவும் தெரியாதவரை எதற்கு அனுப்ப வேண்டும்? அதுதான் சூட்சுமம். துறையில் ஊறியவர், இது இப்படித்தான் என்று விட்டுவிடும் விஷயத்தைப் புதியவர் ஏன் என்று கேட்பார். இது முட்டாள்தனமான கேள்வியோ என்று கூச்சப்படவும் அவருக்குக் காரணம் இல்லை, ஏனென்றால் அவருக்குத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். போன இடத்தின் பிரச்சினையோடு, தான் விட்டுவிட்டு வந்த நிறுவனத்தையும் அவர் புதுக் கண்ணால் பார்க்கத் தொடங்கினார். பெல்ஜியம் ரெவன்ஸுக்கு அரசு விருது தந்து கௌரவித்தது. இந்த அனுபவத்தை 1971இல் நூலாக எழுதினார்.

1970களில் பெல்ஜியத்தின் உற்பத்தித் திறன் நன்றாகவே உயர்ந்தது. அதற்கு இந்தத் திட்டமும் காரணம் என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு நாட்டின் பொருளாதாரம் முதலீடு, தொழில்நுட்பம், ஏற்றுமதி என்று பல கயிறுகளால் இழுக்கப்படுவது. அந்தப் புகழ் முழுவதையும் ஒரு மேனேஜர் திட்டத்துக்கு எழுதிவைப்பது சரியான கணக்கு ஆகாது. அதில் கலந்துகொண்டவர்கள் மாறித் திரும்பினார்கள் என்பதுதான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

டிவியில் பார்த்துக் கூப்பிட்ட முதலாளி

பிரிட்டன் மறுபடியும் அவரைத் திரும்பிப் பார்த்தது ஒரு தொலைக்காட்சிப் பேட்டியால். அன்றைக்கு பிரிட்டனின் மிகப்பெரிய தொழில் குழுமங்களில் ஒன்று ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி (ஜிஇசி). அமெரிக்காவின் ஜிஇ வேறு, இது வேறு. அதன் தலைவர் அர்னால்ட் வைன்ஸ்டாக் வகுப்பறைப் பயிற்சிகளில் பெரிய நம்பிக்கை இல்லாதவர். பெல்ஜிய அனுபவம் பற்றி ரெவன்ஸ் டிவியில் பேசுவதைப் பார்த்துவிட்டு, இந்த ஆளைப் பிடியுங்கள் என்று தன் ஆட்களிடம் சொன்னார்.

1974இல் ஜிஇசியில் தொடங்கிய திட்டத்தில், குழுமத்தின் பல கம்பெனிகளைச் சேர்ந்த மேனேஜர்கள் செட்களாகச் சேர்ந்தார்கள். சிலர் சொந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டார்கள், சிலர் வேறு கம்பெனியின் பிரச்சினையை. அந்த அனுபவம் 1977இல் ஒரு நூலாகவும் வந்தது. அதன் பிறகுதான் பிரிட்டனில் ஆக்‌ஷன் லேர்னிங் பரவலாகப் பேசப்பட்டது. 1980களில் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனம் தன் குரோட்டன்வில் பயிற்சி மையத்தில் நிஜ பிசினஸ் பிரச்சினைகளை வைத்துத் தலைவர்களை உருவாக்கத் தொடங்கியபோதும் அதை ஆக்‌ஷன் லேர்னிங் என்றே அழைத்தார்கள்.

இன்று நடப்பது ரெவன்ஸ் சொன்னதா?

இன்று பல கம்பெனிகளின் லீடர்ஷிப் புரோகிராம்களில் ‘ஆக்‌ஷன் லேர்னிங் பிராஜெக்ட்’ என்று ஒரு பகுதி இருக்கும். ஐந்து பேரைச் சேர்ப்பார்கள். ஒரு தலைப்புத் தருவார்கள். மூன்று மாதம் கழித்து டைரக்டர்கள் முன்னால் பிரசன்டேஷன், கைதட்டல். அதோடு சரி.

இதில் எது விடுபட்டிருக்கிறது? பரிந்துரை செய்தவர்களே அதைச் செய்து முடிக்க வேண்டும் என்ற நிபந்தனை விடுபட்டிருக்கிறது. அது இல்லாமல் ரெவன்ஸின் கணக்கில் கற்றல் பாதிதான். இன்னொரு விஷயம், ஒவ்வொரு செட்டுக்கும் காசு கொடுத்து அமர்த்தப்படும் ஃபெசிலிடேட்டர். ஆரம்பத்தில் செட்டை உருட்டிவிட ஒருவர் இருக்கலாம், ஆனால் சீக்கிரம் அவர் விலகிக்கொள்ள வேண்டும் என்பது ரெவன்ஸின் எண்ணம். கேள்வி கேட்கக்கூட ஒரு நிபுணரை நம்பியிருந்தால், பழைய வகுப்பறையேதான் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. இதில் எல்லோரும் அவரோடு உடன்படுவதில்லை. நல்ல ஃபெசிலிடேட்டர் இல்லாத செட் அரட்டையாகவோ புலம்பலாகவோ முடியும் என்று சொல்லும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இந்த முறைக்கு ஒரு பெரிய பலவீனமும் உண்டு. எல்லா அலுவலகத்திலும் ‘எனக்குத் தெரியாது’ என்று பயமில்லாமல் சொல்லிவிட முடியாது. அப்ரைசலில் அதுவே எதிராகத் திரும்பும் இடங்களில் எந்த செட்டும் வேலை செய்யாது. எல்லோரும் பாதுகாப்பான பிரச்சினைகளை மட்டும் கொண்டுவந்து பாதுகாப்பான கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போவார்கள். லண்டன் மருத்துவமனைகள் காட்டியதும் இதைத்தான். மேலே இருப்பவர் முதலில் தனக்குத் தெரியாததைச் சொல்லத் தயாராக இருந்தால்தான் கீழே இருப்பவர் வாயைத் திறப்பார். கேவண்டிஷில் ரூதர்ஃபோர்டு செய்ததும் அதுவே.

கடைசிக் காலம்

1980களில் தன் முக்கிய நூல்களை எழுதி முடித்தார் ரெவன்ஸ். எழுபது, எண்பது வயதிலும் பல நாடுகளுக்குப் போய்ப் பேசினார். 1990களில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவருடைய பெயரில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. பேராசிரியர் பதவியை உதறிவிட்டுப் போய் முப்பது ஆண்டுகள் கழித்து, அதே மான்செஸ்டர் வட்டாரத்தில் அவருக்கு மறுபடியும் ஒரு இடம் கிடைத்தது. 2003 ஜனவரி 8 அன்று, 95 வயதில் காலமானார்.

தனக்குப் பின் இந்த முறையை அப்படியே காப்பியடிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இதைத் தொடங்க ஓட்டல் ஹாலோ பட்ஜெட்டோ தேவையும் இல்லை. வெவ்வேறு டீம்களிலிருந்து நான்கு பேர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், ஆளுக்கொரு நிஜப் பிரச்சினை, அறிவுரை கூடாது என்ற ஒரே விதி. முதல் கூட்டம் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். நீண்ட மௌனங்கள் வரும். இரண்டாவது கூட்டத்தில் யாராவது ஒருவர், சொன்னபடி செய்யவில்லை என்று ஒப்புக்கொள்வார். ஏன் செய்யவில்லை என்று இன்னொருவர் கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்துதான் செட் வேலை செய்யத் தொடங்குகிறது.